பிடித்துக்கொண்ட பிரேக் டிரம்: ஆறு ஆண்டு நின்ற ஒரு காரின் நிகழ்வு ஆய்வு

நாற்பது வயதைத் தாண்டிய செடான் கார். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். சக்கரத்தோடு சுற்றும் கிண்ணம்தான் டிரம். உள்ளே வளைந்த இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் சுவரை அழுத்தினால் சக்கரம் நிற்கும். கடைசியாக ஓட்டிய அன்று உரிமையாளர் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் அது நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

இன்ஜினுக்கு உயிர் கொடுப்பதுதான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது அரை நாளில் முடிந்தது. பின்சக்கர டிரம் இரண்டையும் கழற்ற மூன்று நாள் பிடித்தது. இடது டிரம் சேதமில்லாமல் வந்தது. வலது டிரம்மில் நான் அவசரப்பட்டு ஒரு ஷூவைக் கெடுத்தேன். இரண்டையும் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். இந்த வேலையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் "எண்ணெய் விடு, சூடு காட்டு, ஓங்கி அடி" என்ற ஒரே மருந்துதான் கிடைக்கிறது. எது பிடித்திருக்கிறது என்று யாரும் முதலில் கேட்பதில்லை.

பிடிக்கக்கூடிய இடங்கள் சில உண்டு. டிரம்மின் நடுத் துளை, சக்கரத்தைத் தாங்கும் ஹப்பின் மேட்டில் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருக்கலாம். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங்கே டிரம்மின் உள்சுவரோடு துருவால் ஒட்டியிருக்கலாம். ஹேண்ட்பிரேக் கேபிளோ, பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரோ இறுகி, ஷூக்களை விரித்தபடியே வைத்திருக்கலாம். ஷூ தேய்த்துத் தேய்த்து டிரம்முக்குள் பள்ளம் விழுந்து, ஓரத்தில் தேயாமல் நின்றுவிட்ட வரப்பு ஷூவை வெளியே விடாமல் தடுக்கலாம். இவை போதாதென்று, துருவுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்க்ரூ மறைந்திருக்கவும் கூடும். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு உதவும் பலம் இன்னொன்றில் உடைக்கும்.

இந்த வண்டியின் டிரம் ஹப்பின் மேல் தொப்பி மாதிரி உட்காரும் வகை. ஆக்ஸிலின் கூம்பு முனையில் சாவியோடு (நழுவாமல் பூட்டும் சிறு இரும்புக் கட்டை) இறுகி நிற்கும் டிரம் என்றால் கீழே வரும் எதுவும் பொருந்தாது. அதற்குச் சக்கர நட்டு ஏறும் ஸ்டட்களில் மாட்டும் ஹப் புல்லர் வேண்டும். ஆக்ஸில் நட்டைத் தளர்த்தி, நுனி மரையிலேயே விட்டுவிட்டுத்தான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் பிடி விடும் நொடியில் டிரம் எதிரில் நிற்பவர் மேல் பாயும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலில் பின் டிரம் ஆக்ஸிலின் பல்வரிகளில் உட்காரும். அதைப் பிடித்திருக்கும் 36 மி.மீ. நட்டு ஏறத்தாழ 300 நியூட்டன் மீட்டர் முறுக்கில் இறுக்கப்பட்டிருக்கும். சுத்தியலைத் தேடும் முன் நம் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

தொடங்கும் முன்

இந்த வேலையில் ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்தியே ஆக வேண்டும், பின்சக்கரம் தரையில் இருக்காது. அப்படியானால் வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முன்சக்கரங்கள் மட்டும்தான். இரண்டு முன்சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கி, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்து, ஸ்டாண்டின் மேல் எடையை இறக்கி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினோம். டிரம்மை இழுக்கும்போதும் தட்டும்போதும் வண்டி குலுங்கும். வெறும் ஜாக்கியை நம்பி இந்த வேலையில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது தூசி. அந்தக் காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது பரவலான வழக்கம். அதன் இழை மூச்சோடு நுரையீரலுக்குள் போனால் என்ன செய்யும் என்பது தெரிந்ததே. ஆகவே காற்றுக் குழாயால் ஊதவில்லை. சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப்போட்டோம். வேலை முடியும்வரை நுண்தூசியைத் தடுக்கும் முகமூடி போட்டிருந்தோம். காற்றை அடித்துப் புகைமண்டலம் கிளப்பிச் சுத்தம் செய்வதை இன்னும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது.

இடது சக்கரம்

சக்கரம் சுற்றவே இல்லை. இரண்டு கையாலும் முயன்றாலும் மயிரிழைகூட அசையவில்லை. அசைவே இல்லை என்றால் ஷூ டிரம்மைப் பிடித்திருக்கிறது என்று பொருள். ஹப் துரு மட்டும் இருந்திருந்தால் டிரம், ஹப், ஆக்ஸில் மூன்றும் சேர்ந்து சுற்றியிருக்கும்.

ஷூவைப் பிடிக்க வைப்பது எது? முதல் சந்தேகம் ஹேண்ட்பிரேக். உள்ளே லீவரை இறக்கியபோது அது தளர்வாகத்தான் விழுந்தது. அடியில் படுத்து, இரு பக்கக் கேபிள்களும் சேரும் இடத்தின் நட்டை முழுக்கத் தளர்த்தினேன். வலது கேபிளின் உள்கம்பியைப் பிளையரால் இழுத்து விட்டால் போய் வந்தது. இடது கேபிளில் கம்பி உறைக்குள் கல்லாய் நின்றது. உறை தாழ்ந்து வளையும் இடத்தில் தண்ணீர் தேங்கித் துரு கட்டியிருந்தது. லீவரை இறக்கினாலும் டிரம்முக்குள் அந்த இழுப்பு ஆறு ஆண்டுகளாக அப்படியே இருந்திருக்கிறது.

கேபிள் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். துருக் கட்டிய இடத்துக்கும், டிரம்முக்குப் பின்னால் ஷூக்களைத் தாங்கும் தகடான பேக் பிளேட்டுக்கும் நடுவில், உறையோடு சேர்த்து வெட்டினேன். வெட்டிய நொடியில் கம்பி முனை விரற்கடை அளவு உறைக்குள் ஓடி மறைந்தது. டிரம்முக்குள் கேபிள் இழுத்துப் பிடித்திருந்த நெம்புகோல் விட்டுக்கொடுத்துவிட்டது.

ஆனாலும் சக்கரம் சுற்றவில்லை. அடுத்தது பிரேக் ஆயில் அழுத்தம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே உப்பிக்கொண்டால் ஒருவழி அடைப்பான் போல வேலை செய்யும். பெடலை மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும், திரும்ப விடாது. ஆயிலை வெளியே விடும் பிளீடர் ஸ்க்ரூவைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் நாலு சொட்டு வடிந்ததே தவிரப் பீய்ச்சவில்லை. அழுத்தம் இல்லை. மிச்சம் ஒன்றுதான்: லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கிறது.

இதற்கு மட்டும் சுத்தியல் சரி. எங்கே, எதனால் அடிப்பது என்பதில்தான் விஷயம். டிரம் வார்ப்பிரும்பு. எஃகு மாதிரி வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். திறந்த ஓரத்தில் அடித்தால் துண்டு பெயரும். பித்தளைச் சுத்தியலால், லைனிங் உட்காரும் பகுதிக்கு நேர் மேலே, சுற்றிச் சுற்றி மிதமாகத் தட்டினோம். ஒரு சுற்று தட்டி, சக்கர நட்டு இரண்டைப் போட்டு நீளக் கம்பியால் நெம்பிப் பார்ப்பது, மறுபடி தட்டுவது. மூன்றாவது சுற்றில் உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். டிரம் சுற்றியது. உதவிக்கு இருந்த பையன் கை தட்டினான், எனக்கும் நிம்மதி. அந்தச் சத்தம் என்ன என்பது மறுநாள்தான் தெரிந்தது.

இப்போது சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. ஹப் துரு. டிரம் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது ஸ்டட்களுக்கு நடுவே துரு நிரம்பிய ஒரு தலை தெரிந்தது. அடக்கமாக உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூ. தலையின் பிளவைக் கூரான கம்பியால் சுத்தம் செய்து, தட்டினால் திரும்பும் இம்பேக்ட் டிரைவரை வைத்து அடித்தோம், வந்துவிட்டது. இதைப் பார்க்காமல் டிரம்மோடு மல்லுக்கட்டியவர்கள் உண்டு.

துரு ஏன் இவ்வளவு பிடிக்கிறது என்று யோசித்தால் வைத்தியமும் புரியும். இரும்பு துருவாகும்போது முன்பு இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். டிரம்மின் துளைக்கும் ஹப்பின் மேட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியோ முடி கனம். அந்த இடத்தில் விரியும் துரு ஆப்பு அடித்தது போல இறுக்கிவிடும். ஊடுருவும் எண்ணெய் அந்த ஆப்பைக் கரைப்பதில்லை. துகளுக்கு நடுவே புகுந்து வழுக்கலாக்குவதோடு சரி. அதற்கு நேரம் வேண்டும். துளை ஓரத்திலும் ஸ்டட்களைச் சுற்றியும் சொட்டுச் சொட்டாக விட்டு, டிரம் முகத்தில் ஸ்டட்களுக்கு நடுவே லேசாகத் தட்டி, ஓர் இரவு விட்டோம். அதிர்வு எண்ணெயை உள்ளே இழுக்கும். கொட்டக் கூடாது, வழிந்து லைனிங்கில் போனால் அந்த லைனிங் வீண்.

மறுநாள் காலை சூடு. வாயு டார்ச்சைத் தொடவில்லை. பேக் பிளேட்டுக்குள் சிலிண்டர் ரப்பர், பிரேக் ஆயில், பக்கத்திலேயே ஆக்ஸில் சீல். மூன்றும் தீயோடு ஒத்துப்போகாதவை. பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டுவது இன்னும் மோசம். குளோரின் சேர்ந்த கிளீனர் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாக மாறும். ஹீட் கன்னால் துளையைச் சுற்றி வேகமாகச் சூடேற்றினேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது கொஞ்சம்தான்: 62 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் துளை 100 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.07 மி.மீ. விரியும். நேரம் போகப் போக ஹப்பும் சூடாகிக் கூடவே விரிந்துவிடும். அதனால்தான் வேகம் முக்கியம். விரிவதைவிட, சூடாகி ஆறும்போது துருவின் பிணைப்பு விண்டுபோவதுதான் அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம்.

டிரம் முகத்தில் எதிரெதிராக இரண்டு மரைத் துளைகள் இருந்தன. 8 மி.மீ. போல்ட்டுக்கு உரியவை. வண்டியைச் செய்தவர்கள் இந்த வேலைக்கென்றே வைத்தது. போல்ட்டை இறுக்கினால் நுனி ஹப்பைத் தள்ளும், டிரம் வெளியே வரும். மரையில் துருவைச் சுத்தம் செய்து, எண்ணெய் தொட்டு, இரண்டையும் மாற்றி மாற்றி அரைச்சுற்று அரைச்சுற்றாக இறுக்கினோம். ஒரு பக்கமே இறுக்கினால் டிரம் சாய்ந்து துளையில் கடித்துக்கொள்ளும். போல்ட் விறைத்ததும் நிறுத்தி, ஸ்டட்களுக்கு நடுவே தட்டு. மறுபடி அரைச்சுற்று. ஐந்தாறு முறை. பிறகு ஒரு கிரீச்சல், டிரம் கையோடு வந்தது.

பின்பக்க ஷூவில் லைனிங் இல்லை. முழு லைனிங்கும் ஷூவைவிட்டுப் பெயர்ந்து டிரம்மின் உள்சுவரில் ஒட்டியிருந்தது. முந்தைய நாள் கேட்ட 'டக்' துருப்பிடி விட்ட சத்தம் அல்ல. லைனிங்கை ஷூவோடு ஒட்டியிருந்த பசை விட்ட சத்தம் அது. ஷூவின் தகட்டிலும் துரு, அது பசையை அடியிலிருந்து நெம்பியிருக்கிறது. டிரம்மோடு இருந்த பிடி பசையைவிட வலுவாக இருந்திருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நின்றுபோன வண்டியை இன்னொரு வண்டியால் இழுத்தோ, கியர் போட்டு முன்னும் பின்னும் உந்தியோ சக்கரத்தை விடுவித்து, "சுற்றுகிறது, சரியாகிவிட்டது" என்று ஓட்டிப் போகிறவர்கள் நிறைய. எங்கள் வண்டியை அப்படி விடுவித்திருந்தால் இதே சத்தம் கேட்டிருக்கும், சக்கரமும் இதேபோலச் சுற்றியிருக்கும். உள்ளே ஒரு லைனிங் தனியாகக் கிடந்திருக்கும். ஓடும் வேகத்தில் அது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே ஆப்பாகச் செருகினால் ஒரு பின்சக்கரம் மட்டும் அப்படியே நிற்கும். ஈரச் சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வலது சக்கரம்

இது சுற்றியது. கையால் சுற்றினால் ஒரே சீராக உரசும் ஒலி. ஸ்க்ரூவைக் கழற்றி, எண்ணெய் விட்டு, போல்ட் இரண்டையும் போட்டோம். இடதுபக்கம் பட்ட பாட்டுக்கு இது எளிதாக இருந்தது, சீக்கிரமே 4, 5 மி.மீ. வெளியே வந்தது. பிறகு நின்றது. தள்ளினால் உள்ளே போனது, இழுத்தால் அதே இடத்தில் வந்து மெத்தென்று நின்றது.

"அண்ணே, பாதி வந்துருச்சு. இன்னும் ரெண்டு சுத்து இறுக்கவா?" என்று பையன் கேட்டான்.

"இறுக்குப்பா" என்றேன். தவறு அங்கேதான். துருவில் நிற்கும் டிரம் விறைப்பாக நிற்கும், கொஞ்சமும் ஆடாது. கொஞ்சம் வந்து, ஸ்பிரிங் மாதிரி இழுபட்டு நிற்கும் டிரம்மைத் துரு பிடிக்கவில்லை, வரப்பு பிடித்திருக்கிறது. எனக்கு இது தெரிந்த விஷயம்தான். முந்தைய நாளின் வெற்றி கையில் இருந்தது, அதையே திரும்பச் செய்தேன்.

இரண்டாவது சுற்றில் உள்ளே ஏதோ முறிந்து தெறித்தது. ஷூவைப் பேக் பிளேட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஆணி ஒன்றின் நுனி முறிந்து, கிண்ணமும் ஸ்பிரிங்கும் டிரம்முக்குள் விழுந்தன. லைனிங் ஓரத்தில் நகத்தளவு சில்லு பெயர்ந்திருந்ததைப் பிறகு பார்த்தோம். போல்ட்டை இன்னும் இறுக்கியிருந்தால் மரைத் துளையில் டிரம்மே விரிசல் விட்டிருக்கும்.

போல்ட்டைக் கழற்றி, டிரம்மை முழுக்க உள்ளே தள்ளினோம். வெளியே எடுக்க வேண்டியதை உள்ளே தள்ளுவது வீண் வேலையாகத் தோன்றும். ஆனால் வரப்பில் ஷூ இடித்துக்கொண்டிருக்கும்வரை, ஷூக்களின் விரிவைக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டரின் மேல் சுமை இருக்கும், திரும்பாது. உள்ளே தள்ளி, ஷூவைப் பள்ளத்தில் சும்மா உட்கார வைத்தால்தான் திரும்பும்.

பேக் பிளேட்டின் பின்னால் ஒரு நீள்துளை, அதில் ரப்பர் மூடி. மூடியை எடுத்தால் விளக்கு வெளிச்சத்தில் அட்ஜஸ்டரின் பல்சக்கரம் தெரியும். தானாகவே இறுக்கிக்கொள்ளும் வகை இது. பிரேக் தேயத் தேய ஒரு சின்ன நெம்புகோல் பல்லைத் தள்ளி ஷூவை வெளியே நகர்த்திக்கொண்டே வரும். ஷூ பள்ளத்துக்குள் போய்ச் சிக்கியதற்குக் காரணமே இந்த நல்ல ஏற்பாடுதான். பின்னோக்கித் திருப்ப வேண்டுமானால், அந்த நெம்புகோலை மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் பல்லைவிட்டு விலக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் பல்லைத் தள்ள வேண்டும். விலக்காமல் தள்ளினால் பல் மழுங்கும், சக்கரம் திரும்பாது.

எந்தப் பக்கம் திருப்புவது? இடது, வலது அட்ஜஸ்டர்களுக்கு மரை எதிரெதிராக இருக்கும் என்பதால் ஒரு பக்கத்தில் சரியானது மறுபக்கத்தில் தலைகீழ். சந்தேகம் வந்தால் நாலு பல் தள்ளிவிட்டு டிரம்மைச் சுற்றிப் பார்த்தால் போதும். உரசல் கூடினால் தப்பான பக்கம். முதலில் பல்சக்கரமே இறுகியிருந்தது. துளை வழியாக மெல்லிய குழாயால் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். அப்புறம் ஒவ்வொரு பல்லாக நகர்ந்தது. நாற்பது பல்லுக்கு மேல் எண்ணியிருப்போம். உரசல் குறைந்து, நின்று, டிரம் தளர்ந்து ஆடியது. கையால் இழுத்ததும் வந்துவிட்டது, சுத்தியல் தேவைப்படவில்லை.

இதுவும் நடக்கவில்லை என்றால் கடைசியாக ஒரு வழி இருக்கிறது. ஷூவைப் பிடிக்கும் ஆணிகளின் தலை பேக் பிளேட்டுக்குப் பின்னால் தெரியும். அவற்றைக் கூர் உளியால் வெட்டிவிட்டால் ஷூக்கள் கொஞ்சம் நெகிழ்ந்து டிரம்மோடு சேர்ந்து வெளியே வரும். ஆணியும் ஸ்பிரிங்கும் வாங்கினால் கிடைக்கும் சாமான்கள். வளைந்த பேக் பிளேட் அப்படியல்ல. இரண்டு நெம்புகம்பியை டிரம்முக்கும் பேக் பிளேட்டுக்கும் நடுவே கொடுத்து நெம்பும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

அளந்தபோது

டிரம்மில் மேக்ஸ் டயா (அதிகபட்ச விட்டம்) 230.1 என்று வார்ப்பிலேயே இருந்தது. புதிதில் இதன் உள்விட்டம் 228.6 மி.மீ., அதாவது 9 அங்குலம். தேய்ந்தும் கடைந்தும் 1.5 மி.மீ. வரை போகலாம், அதற்கு மேல் போனால் எறிய வேண்டும்.

இடது டிரம் 229.4. வலது டிரம் 230.4. வரப்பில் அளந்தால் இரண்டுமே 228.6. விட்டத்தில் வித்தியாசம் 1.8 என்றால் வலது டிரம்மில் வரப்பின் உயரம் ஒவ்வொரு பக்கமும் 0.9 மி.மீ. விரலை உள்ளே விட்டுத் தடவினால் படி மாதிரி தட்டுப்பட்டது. போல்ட்டுகள் அந்தப் படியின்மேல்தான் ஷூவை ஏற்றப் பார்த்திருக்கின்றன. இடதுபக்க வரப்பு வெறும் 0.4. அங்கே ஒரு ஷூவில் லைனிங்கே இல்லாததால் அதுவும் உறுத்தவில்லை.

வலது டிரம் கழிவு. இடது டிரம் கணக்குப்படி இன்னும் ஓடும், ஆனால் ஒரே ஆக்ஸிலில் இரண்டு பக்கமும் வேறு வேறு விட்டம் இருந்தால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இரண்டையும் மாற்றினோம். ஷூக்கள் நான்கும் புதிது.

வீல் சிலிண்டரின் தூசிமூடியை விரலால் விலக்கிப் பார்த்தோம், இரு பக்கமும் உள்ளே ஈரம். ஆயில் கசிந்திருக்கிறது. கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகுக்கான வரம்பு 140 டிகிரி. ஆறு ஆண்டு தேங்கிய ஆயில் கொதிநிலையை இழந்ததோடு, சிலிண்டரின் உள்சுவரையும் அரித்திருந்தது. சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாம் மாற்றம்.

மாட்டியபோது

ஹப்பின் மேட்டை எமரித் தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, செம்புக் கிரீஸை விரல்நுனியால் தடவி, உடனே துணியால் துடைத்தேன். துடைத்த பிறகு எஞ்சும் படலம் போதும். ஏராளமாகப் பூசினால் சூட்டில் இளகி லைனிங்குக்கு வரும். பேக் பிளேட்டில் ஷூவின் ஓரம் உரசும் மேடைகளுக்கும் அட்ஜஸ்டர் மரைக்கும் சூடு தாங்கும் கிரீஸ். புது டிரம்முக்குள் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவி அனுப்பியிருப்பார்கள். கிளீனரால் துடைத்த பிறகே மாட்ட வேண்டும்.

முதலில் ஷூவை அட்ஜஸ்டரால் சரிசெய்து, பெடலை மிதித்து ஷூக்களை நடுவில் உட்கார வைத்து, அதற்குப் பிறகுதான் ஹேண்ட்பிரேக் கேபிளின் நட்டைத் தொட்டோம். முறையை மாற்றிக் கேபிளை முதலில் இழுத்து வைத்தால், நெம்புகோல் ஓய்வு நிலைக்கே வராது. தானாகச் சரிசெய்யும் அமைப்பும் சரியாக வேலை செய்யாது.

உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டது ஒன்று. வாரக்கணக்கில் வண்டி நிற்கப் போகிறதென்றால் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஹேண்ட்பிரேக்கை விட்டுவிடுங்கள். கழுவிய வண்டியை அப்படியே நிறுத்தாமல், கொஞ்ச தூரம் ஓட்டிப் பிரேக்கை மிதித்து டிரம்மைக் காயவைத்த பிறகு நிறுத்துங்கள்.

இரண்டு மாதம் கழித்து வண்டி திரும்ப வந்தபோது இரண்டு டிரம்மையும் கழற்றினேன். ஸ்க்ரூவை எடுத்ததும் கையால் இழுக்கவே வந்துவிட்டன. இடதுபக்க ஷூக்களில் லைனிங் முழு அகலத்துக்கும் படிந்து தேய்ந்திருந்தது. வலதுபக்கம் முன் ஷூவின் மேல்பகுதி மட்டும் பளபளத்தது. அட்ஜஸ்டரை இரண்டு பல் வெளியே திருப்பி, ஷூவைக் கையால் நடுவுக்குத் தள்ளி, மூடினேன்.